மூக்கு மட்டும் வெளியே

மூங்கில் காட்டின் ஓரத்தில், ஒரு மண்வளையில் புத்தாயி என்ற அழுங்கும் அதன் மகள் சில்லுவும் குடியிருந்தன.

அழுங்கைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அது அப்படி ஒளிந்து வாழ்கிற பிராணி. உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில். எறும்பும் கறையானும்தான் சாப்பாடு. ஒரு காலடிச் சத்தம் கேட்டால் போதும், தலையை வயிற்றுக்குள் சொருகி, வாலால் போர்த்தி, உருண்டைக் கல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் புலியே வந்து புரட்டினாலும் திறக்காது.

அந்தக் காட்டுப் பிள்ளைகள் எல்லாம் குளக்கரை நாவல் மரத்தடியில் கொக்கு வாத்தியாரிடம் படித்தன. சில்லுவும் போனது. ஒரே ஒரு நாள்தான் போனது. மான்குட்டிகளும் குரங்குக் குட்டிகளும் தடதடவென்று ஓடிவந்து, "நீ புதுசா?" என்று கேட்டன. சில்லு சுருண்டுகொண்டது. பாடம் ஆரம்பித்தது, பாடம் முடிந்தது, அது திறக்கவே இல்லை. குரங்குக் குட்டிகள் சும்மா இருக்குமா? உருட்டி விளையாடின. சரிவில் உருண்டு சேற்றில் போய்க் கிடந்த பிள்ளையைப் புத்தாயிதான் சாயங்காலம் தேடி எடுத்து வந்தது.

"இனிமே அங்க போக வேண்டாம் கண்ணு. உனக்கு நானே சொல்லித் தர்றேன்" என்றது.

அப்படி ஆரம்பித்ததுதான் அந்த வீட்டுப் பள்ளிக்கூடம். மண்ணை மோந்து பார்த்து, யார் போனார்கள், எப்போது போனார்கள் என்று சொல்ல வேண்டும். கறையான் புற்றை முழுக்க இடிக்காமல், ஓரமாகத் துளைத்துத் தின்றுவிட்டு, அவை மறுபடி கட்டிக்கொள்ள மிச்சம் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சத்தம் கேட்டால் சுருள வேண்டும். அந்தப் பாடத்தை மட்டும் புத்தாயி ஒரு நாள் கூட விட்டதில்லை. பிள்ளை சேற்றில் கிடந்தது அதன் கண்ணை விட்டுப் போகவில்லை.

சில்லு மோப்பத்தில் கெட்டி. சுருளுவதில் அதைவிடக் கெட்டி. ஆனால், "என் மக இன்னைக்கு என்ன செஞ்சா தெரியுமா?" என்று சொல்லிக்கொள்ளப் புத்தாயிக்கு ஒரு காது கிடைக்கவில்லை. பிள்ளையோடு பேசலாம். பிள்ளையைப் பற்றிப் பிள்ளையிடமே எவ்வளவு பேசுவது? குளக்கரையில் குட்டிகள் எல்லாம் சேர்ந்து பாடுகிற சத்தம் காற்றில் வரும். அப்போது புத்தாயி தோண்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே நிற்கும். 'பிள்ளையைத் தனியாக்கிட்டேனோ?' என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி அரிக்கும். பாட்டு நின்றதும் மறுபடி தோண்டும்.

அழுங்குக் குட்டி அம்மாவின் வாலில் ஏறி உட்கார்ந்துதான் ஊர் சுற்றும். மழை போய், பனி போய், மூங்கில் சருகு உதிர்கிற காலம் வந்தது. ஒரு நாள் சில்லு வாலிலிருந்து இறங்கியது. தானே நடந்து போய், தானே ஒரு புற்றை மோந்து பார்த்து, ஓரமாகத் துளைத்து, வயிறு நிறையத் தின்று, மிச்சம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

முதல் வருஷப் படிப்பு முடிந்துவிட்டது!

குளக்கரையிலும் அதே சமயம்தான் படிப்பு முடிகிறது. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் நாவல் கொழுந்தில் மாலை போட்டு, குளத்தைச் சுற்றி ஊர்வலம் விடுவார்கள்.

"எனக்கு யாரும்மா மாலை போடுவா?" என்று சில்லு கேட்டது.

புத்தாயி உடனே கிளம்பியது. நேரே மூங்கில் கிளையில் இருந்த மைனாவிடம் போனது. சிறகு உள்ளவர்களுக்குக் காலடிச் சத்தம் கிடையாது. அதனால் காட்டிலேயே அந்த மைனாவிடம் மட்டும்தான் புத்தாயி முகம் பார்த்துப் பேசும்.

"மைனாக்கா, நாளைக்குச் சாயங்காலம் எங்க வீட்டில விழா. முயலக்கா, முள்ளம்பன்றி அண்ணன், ஆமை அண்ணன், மூணு பேருக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"என்ன விழா?"

"சில்லு ஒரு வருஷம் படிச்சு முடிச்சிட்டா."

"ஒத்தப் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு விழாவா? முதல் மார்க்கு யாரு, உன் மகளா?"

"கடைசி மார்க்கும் அவதான். சிரிச்சது போதும், போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். நான் வர முடியாது தாயி. குளத்து ஊர்வலத்துக்கு நான்தான் பாட்டு."

பறந்து போன மைனா, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து சொன்னது: "எல்லாரும் கண்டிப்பா வர்றோம்னாங்க!"

மறுநாள் புத்தாயி வாசலை வாலால் பெருக்கியது. தேக்கிலை விரித்தது. முயலுக்கு அருகம்புல், முள்ளம்பன்றிக்குக் கிழங்கு, ஆமைக்குப் பழுத்த அத்திப்பழம், தங்களுக்குக் கறையான் என்று எடுத்து வைத்தது. மகளின் செதிலை ஒவ்வொன்றாக நக்கித் துடைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காத்திருந்தது.

வெயில் சாய்ந்தது. சருகில் சரசரவென்று சத்தம்.

அவ்வளவுதான். அம்மா சுருண்டது, மகளும் சுருண்டது. யோசித்துச் செய்ததில்லை. இமை மூடுகிற மாதிரி உடம்பு தானாகச் செய்தது. உள்ளே போனால் காதும் அடைத்துக்கொள்ளும். புத்தாயிக்குக் கேட்டதெல்லாம் தன் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம்தான். ரொம்ப நேரம் கழித்து மெல்லத் திறந்து பார்த்தது. வாசலில் யாரும் இல்லை.

"நாயா இருக்கும். போயிருச்சு."

"நாய் வாசனை இல்லையேம்மா."

"சும்மா இரு. விருந்தாளிங்க வர்ற நேரம்."

மறுபடி சத்தம். இந்தத் தடவை கனமான காலடி, கூடவே கலகலவென்று என்னவோ ஆடுகிற ஓசை. மறுபடி இரண்டும் சுருண்டன. மறுபடி திறந்தன. மறுபடி யாரும் இல்லை.

குளக்கரையில் ஊர்வலம் கிளம்பிவிட்டது. மைனாவின் குரல் தனியாகத் தெரிந்தது. இலையில் அருகம்புல் வாடிப் போய்க் கிடந்தது.

"வர மாட்டாங்க கண்ணு" என்றது புத்தாயி. "நம்ம வீட்டுக்கு யார் வரப் போறா? வா, நாம ரெண்டு பேரும் சாப்பிடலாம்."

கறையான் இலையை மகள் பக்கம் நகர்த்தியது. 'என் பயத்துக்குப் பிள்ளையை வீட்டிலேயே வெச்சேன். இப்ப அதுக்கு ஒரு மாலை போடக்கூட நாதியில்லை' என்று நினைத்தது.

சில்லு சாப்பிட வரவில்லை. வாசல் ஓரத்தில் தரையை மோந்துகொண்டிருந்தது.

"அம்மா, இங்க வா. முயல் பெரியம்மா வந்திருக்காங்க."

"எங்க?"

"வந்துட்டுப் போயிருக்காங்க. இங்க நின்னிருக்காங்க. இங்க உக்காந்திருக்காங்க, ரொம்ப நேரம். உன்னைச் சுத்திச் சுத்தி நடந்திருக்காங்க. இது முள்ளம்பன்றி மாமா. மாமா கிட்ட வரலை, தள்ளியே நின்னிருக்கார்."

புத்தாயி ஓடிவந்து மோந்தது. பிள்ளை சொன்னது அத்தனையும் சரி. வாசல் ஓரத்துக் கல்லுக்குப் பின்னால் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, முயல் வாசனையோடு ஒரு நாவல் கொழுந்து மாலை. இன்னொன்று, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நீள முள். முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்தே எடுத்து வைத்திருக்கிறது, பிள்ளை மண்ணில் எழுதிப் பழகட்டும் என்று.

புத்தாயி அந்த மாலையைப் பார்த்தபடி நின்றது. யாரும் வராத வாசல் என்று இத்தனை நாள் நினைத்ததே, எத்தனை பேர் இப்படி வந்து, கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்களோ!

"அம்மா, சுருண்டுட்டா, வந்திருக்கிறது நல்லவங்களா கெட்டவங்களான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது கண்ணு."

"அப்ப மூக்கை மட்டும் வெளிய விட்டா என்ன?"

புத்தாயி வாயைத் திறப்பதற்குள் சருகு அசைந்தது. ரொம்ப மெதுவான சத்தம். புத்தாயியின் உடம்பு அது பாட்டுக்குச் சுருண்டுவிட்டது.

சில்லுவும் சுருண்டது. ஆனால் வாலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூக்கு நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நடுங்கிக்கொண்டேதான் மோந்தது. பாசி வாசனை. குளத்துச் சேறு.

"ஆமை மாமாவா?" என்று கேட்டுக்கொண்டே திறந்தது. திறந்து பார்த்தால், எதிரே ஆமையும் ஓட்டுக்குள் போய் மூடிக்கொண்டிருக்கிறது. சில்லுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நகத்தால் ஓட்டைத் தட்டியது.

"மாமா, நான்தான். வெளிய வாங்க."

"யாராவது உருட்டிருவாங்களோன்னு பார்த்தேன்" என்று ஆமை தலையை நீட்டியது. "நான் கிளம்பினது நேத்து. வழியில முயலைப் பார்த்தேன். 'எவ்வளவோ கூப்பிட்டேன், திறக்கவே இல்லை, நான் வந்தது பிடிக்கலையோ என்னவோ'ன்னு வருத்தமா போகுது. அது சரி, நீயும் வீட்டுல படிச்ச பிள்ளையாமே?"

"ஆமா. நீங்க?"

"என் வீடு முதுகிலயே இருக்கு. நான் வேற எங்க போய்ப் படிக்கிறது?"

சில்லு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு செதிலைத் தாண்டி, அடைத்த காதையும் தாண்டி, உள்ளே புத்தாயிக்குக் கேட்டது. தன் மகள் இன்னொருவரோடு சிரித்து அது கேட்டதே இல்லை. திறக்க வேண்டும் என்று மனசு சொன்னது. உடம்பு கேட்கவில்லை. வெளியே ஆள் இருக்கும்போது திறந்து பழக்கமே இல்லையே! முதலில் வால் கொஞ்சம் தளர்ந்தது. அப்புறம் மூக்கு. அப்புறம் ஒரு கண்.

"வாங்கண்ணே" என்றது புத்தாயி, பாதி உருண்டையாகவே.

"வந்தேன் தங்கச்சி. சாப்பாடு இருக்கா?"

ஆமை வாயால் கவ்வி, நாவல் மாலையைச் சில்லுவின் கழுத்தில் போட்டது. அத்திப்பழம் முழுவதையும் தின்றது. மூன்றே பேர்தான். ஊர்வலம் கிடையாது, பாட்டு கிடையாது. ஆனாலும், "என் மக நேத்து என்ன செஞ்சா தெரியுமாண்ணே?" என்று புத்தாயி ஆரம்பித்தது. ஆமைக்கு அவசரம் ஏது? கடைசி வரைக்கும் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் புத்தாயி புதுசாக அருகம்புல் கவ்விக்கொண்டு, மகளோடு முயலின் வளை வாசலுக்குப் போய் நின்றது. உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று உடம்பு வளைந்தது. ஆனாலும் மூக்கை வெளியே வைத்துக்கொண்டு, அந்த மூக்கு வழியாகவே சொன்னது:

"முயலக்கா, நேத்து நாங்க வீட்டுலதான் இருந்தோம்."

பிள்ளைக்குப் பதுங்கக் கற்றுக்கொடுக்கிறவர்கள், வந்திருப்பது யார் என்று பார்த்துத் திறக்கவும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதைத் தாங்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.