குங்குமம் மடித்த தாள்

மருதங்காவூரில் அமுதமொழி அம்மையின் சன்னதித் தெருவில் ஓர் அச்சுக்கூடம் இருந்தது. அதன் முன்னறையே புத்தகக் கடை. பஞ்சாங்கமும் பாடநூலும் விற்று, கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அச்சிட்டுப் பிழைத்தவர் தருமலிங்கனார். ஈயமும் மையும் ஏறி அவருடைய விரல் நுனிகள் எந்நேரமும் கறுத்திருக்கும்.

காலையில் குளித்து நீறு பூசியதும், ஊரார் வேலையைத் தொடுமுன் அம்மைக்கு ஒரு பாட்டுக் கட்டுவார். காகிதத்தில் எழுதமாட்டார், வாய்விட்டுப் பாடவும் மாட்டார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நேரே அச்சாகவே கோப்பார். அச்சு இயந்திரத்தை ஒருமுறை மிதித்து ஒரே ஒரு தாள் எடுப்பார். அதைச் சன்னதியில் வைத்துவிட்டு வந்து எழுத்துகளைக் கலைத்துவிடுவார். அம்மைக்குக் கொடுத்ததற்கு மறுபிரதி கூடாது என்பது அவர் நோன்பு.

மணமான புதிதில் அவர் மனைவி செங்கமலத்தம்மையார், "எனக்கும் ஒரு தாள் எடுத்துத் தாங்களேன். படிச்சுட்டுப் பத்திரமா வெச்சுக்குறேன்" என்று கேட்டார்.

"அவளுக்குன்னு குடுத்ததுல பங்கு கேக்கலாமா?" என்றார் இவர்.

அம்மையார் பிறகு கேட்கவே இல்லை. அது இவருக்கு நிம்மதியாக இருந்தது. அது என்ன நிம்மதி என்று அவர் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

அவ்வூரில் ஆறுமுக வித்துவான் என்று ஒருவர். கடையில் நின்றபடியே புத்தகங்களைப் படித்து முடித்துவிட்டு வெறுங்கையோடு போகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை கசங்கிய தாள் ஒன்றை மேசைமேல் விரித்தார். தருமலிங்கனாரின் பாட்டு, நடுவே குங்குமக் கறை. சன்னதியில் சேரும் தாள்களில் குருக்கள் குங்குமம் மடித்துக் கொடுக்கிறார் என்பது அப்போதுதான் இவருக்குத் தெரிந்தது.

"ஊர்ல நாலு பேரு பாட்டு அலமாரிக்குப் போவுது. உம்ம பாட்டு பொட்டலத்துக்குப் போவுது ஓய். அச்சாபீசு வெச்சிருந்து என்ன பிரயோசனம்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தருமலிங்கனார் தாளை நீவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அவ குங்குமத்தை ஏந்த அதுக்குக் குடுத்து வெச்சிருக்கு" என்றார். மறுநாளும் எழுத்துப் பெட்டியின் முன் நின்றார். சொல் மட்டும் சற்றுத் தாமதித்து வந்தது.

ஆண்டுகள் பல கழிந்தன. அம்மையார் வாதத்தில் விழுந்து ஆறு மாதம் படுக்கையில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பாக்கியம் பகலில் உடனிருந்து பார்த்துக்கொண்டாள். தை மாதத்தில் அம்மையார் இறைவியடி சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, வழக்கம்போல் ஒரு தாள் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இன்னொரு தாளுக்கு இன்னொரு மிதி போதும். முப்பது வருஷமாக அந்த ஒரு மிதியை மறுத்தது பக்தியா, பக்தி என்ற பேரில் வளர்ந்த செருக்கா? அவருக்குத் தெரியவில்லை. தாளைச் சன்னதியில் வைத்து, "தப்புன்னா சொல்லிடு தாயே" என்று மட்டும் கேட்டுத் திரும்பினார்.

அன்றைக்கே, பாக்கியத்துக்குக் கொடுப்பதற்காக மனைவியின் புடவைகளை எடுத்தபோது பெட்டியின் அடியில் ஒரு கட்டு இருந்தது. மடிப்பு நீவிய தாள்கள். ஒவ்வொன்றிலும் குங்குமச் சிவப்பு. வெள்ளிதோறும் கோயிலுக்குப் போய் அம்மையார் வாங்கி வந்தவை. மேலே இருந்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அது அம்மையார் இறந்த வாரத்தில் தாம் கட்டிய பாட்டு. ஆறு மாதம் எழுந்திராதவர் கைக்கு அது எப்படி வந்தது?

பாக்கியத்தைக் கேட்டார். "கோயில்லேருந்துன்னு ஒரு அம்மா வெள்ளிக்கிழமை தவறாம வந்து குடுத்துட்டுப் போவாங்க ஐயா. படுத்தபடியே படிப்பாங்க அக்கா. முடிச்சதும் என்னைப் பெட்டியில வெக்கச் சொல்லுவாங்க. வந்தவங்க நம்ம ஊரு முகமாத் தெரியல."

குருக்களிடம் ஓடினார். "நான் யார்கிட்டயும் குடுத்து அனுப்பலையே" என்றார் குருக்கள்.

தருமலிங்கனார் சன்னதியில் நெடுநேரம் நின்றார். தாம் கேட்ட கேள்விக்கு, கேட்கும் முன்பே விடை வீடு தேடி வந்திருந்தது. வீட்டில் ஒருத்திக்குத் தாம் மறுத்ததை, சன்னதியில் நிற்கும் தாயே ஒவ்வொரு தாளாகச் சுமந்து வந்து கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் முதல் இரண்டு தாள் எடுத்தார். ஒன்று சன்னதிக்கு, மற்றொன்று கடைக்கு முதலில் வந்து கேட்பவருக்கு. பெரும்பாலும் முதலில் வந்து நின்றவர் ஆறுமுக வித்துவான்தான். பெட்டியில் கிடைத்த தாள்களைக் கோத்து ஒரு நூலும் வெளியிட்டார். அதன் முதல் பக்கத்தில் செங்கமலத்தம்மையாரின் பெயர் மட்டும் இருந்தது.

அடியவர் மறந்த கடனைத் தானே நடந்து தீர்த்த தாயையும், அவள் சொல்லாமல் சொன்னதைத் தலைமேல் கொண்ட அந்தக் கறுத்த விரல்களையும் நினைக்க நெஞ்சு குளிர்கிறது.