தாடி இல்லாத தையல்காரர்

போலந்தில் போர் முடிந்து இரண்டாவது வருடம். வூச் நகரத்து நாடகக் கொட்டகை ஒன்றில் மறுநாள் அரங்கேற்றம். நடிகர் லுட்விக் செம்மறியாட்டு மயிரில் தாடி ஒட்டிக்கொண்டு, கூன் போட்டு வந்து நின்றார். மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

இயக்குநர் ஹிண்டா யூதப் பெண்மணி. வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர். லுட்விக்கைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் லுட்விக் அவரைத்தான் குருவாக நினைத்திருந்தார்.

நாடகத்தில் லுட்விக்குக்கு யூதத் தையல்காரர் வேஷம். போரில் தப்பித்த தையல்காரர் தன் வீட்டுக்குத் திரும்புகிறார். அங்கே பக்கத்து வீட்டுப் போலந்துக்காரர் குடியேறி, இவருடைய பாத்திரத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"யாரைப் பயமுறுத்த இந்தத் தாடி?" என்று சிரித்தார் ஹிண்டா. "கழட்டுங்க."

"அம்மா! போருக்கு முன்னால இருபது வருஷம் யூதர் வேஷத்துக்கு இதைத்தானே போட்டேன்? நான் மேடையில கால் வச்சாலே ஜனங்க வயிறு வலிக்கச் சிரிப்பாங்க."

"அதான் பயமா இருக்கு. நாளைக்கு வீட்டு வாசல்ல வந்து நிக்கிற தையல்காரரைப் பார்த்து ஒருத்தர் சிரிச்சாலும் நாடகம் போச்சு. தாடிதான் வேணும்னா சொல்லுங்க, வேஷத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன்."

லுட்விக்குக்கு இது போருக்குப் பிறகு கிடைத்த முதல் வேஷம். தாடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். சொந்த மீசையில் பாதியும் கூடவே வந்துவிட்டது. "ஐயோ!" என்று அலறினார். ஹிண்டா விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க! இப்ப ஊர்ல இருக்கிற எல்லாரை மாதிரியும்தானே இருக்கேன்? நான் யாருன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹிண்டா தன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பீட்ரூட் சூப் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "மேடையில போட்டிருக்கிற வீட்டுக்குள்ள போய் உட்காருங்க. இப்ப நீங்கதான் பக்கத்து வீட்டுக்காரர். தையல்காரர் நான்."

மேடைக் கதவுக்கு வெளியே போய்ச் சாத்திக்கொண்டார். லுட்விக் மேஜை முன்னால் உட்கார்ந்து ஜோராக உறிஞ்சிக் குடிக்க ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. ஹிண்டா தட்டவில்லை, கூன் போடவில்லை. தினமும் போடும் பழுப்புக் கோட்டோடு வாசலில் சும்மா நின்றார். அடுப்பைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். அப்புறம் லுட்விக்கைப் பார்த்தார்.

உறிஞ்சும் சத்தம் நின்றது. லுட்விக்கின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. கை தன்பாட்டுக்குக் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. சூப் சட்டையெல்லாம் வழிந்தது.

"கிண்ணத்தை ஏன் ஒளிக்கிறீங்க, லுட்விக்?" என்று கேட்டார் ஹிண்டா. "நான் யாருன்னு இன்னும் சொல்லவே இல்லையே."