பூத்துப் பூத்து ஏமாத்துன மரம்

ஒரு ஊர்ல ஒரு மரம். இல்ல, ரெண்டு மரம். காலை நீட்டிப் படு. நான் சொல்லச் சொல்ல ம் கொட்டணும். கொட்டலன்னா கதை அந்த இடத்துலயே நிக்கும்.

"ம்."

குத்தாலத்து மலைக்கு அங்கிட்டு, வெயில் தரையில விழாத காடு. காட்டோரத்துல, ஆத்துக்கு இக்கரையில ஒத்தை வீடு. வீட்டுல பேச்சியம்மை. அவ மகன் சுடலை. அக்கரையிலேருந்து சுடலை கட்டிக்கிட்டு வந்த கோமு. அம்புட்டுத்தான் ஆளு.

வீட்டுக்குப் பின்னால ரெண்டு மூட்டுமரம். ஒசந்த மரம் இல்ல. பெரிய மரங்களுக்குக் கீழ, அதுங்க நிழல்லயே வளர்ற குட்டை மரம். மூடுன்னா அடிமரம். மத்த மரம் கொப்புல காய்க்கும், இது மூட்டுல காய்க்கும். வேர்லேருந்து ஆள் உசரத்துக்குப் பட்டையைப் பிச்சுக்கிட்டு சரஞ்சரமாத் தொங்கும். செக்கச்செவேல்னு எலுமிச்சம்பழம் தண்டிக்கு. ஏணி வேண்டாம், தொரட்டி வேண்டாம். சம்மணம் போட்டு உக்காந்து பறிக்கலாம்.

"புளிக்குமா தாத்தா?"

மேல்தோடு புளிக்கும். ஊறுகா போடுவாங்க. உள்ள இருக்க சொளை புளிப்பும் இனிப்புமா இருக்கும். பேசாம கேளு.

ரெண்டு மரமும் மாசியில பூக்கும். ஆனி வந்தா ஒரு மரத்துல பழம் தொங்கும். இன்னொண்ணுல ஒண்ணும் இருக்காது. இத்தனைக்கும் அந்த மரந்தான் கூடப் பூக்கும். பட்டை தெரியாமப் பூக்கும். அப்புறம் அத்தனையும் பொலபொலன்னு கொட்டிரும். ஒரு பிஞ்சு நிக்காது.

பேச்சியம்மைக்கு ஆத்திரம். "பூத்துப் பூத்து ஏமாத்துதே இந்த மூதேவி"ன்னா. அறுந்த செருப்பையும் கூட்டித் தேஞ்ச வாரியலையும் கயித்துல கட்டி மரத்துல தொங்கவிட்டா. காய்க்காத மரத்துக்கு அப்படித்தான் செய்வாங்க. வெக்கப்பட்டுக் காய்க்குமாம்.

காய்ச்சுதா?

"இல்ல."

இல்ல. அடுத்த வருசம் உலக்கையை எடுத்துட்டு வந்தா. டொம்மு, டொம்முன்னு மூட்டுல அடிச்சா. அதுக்கும் மரம் பூத்துது. கொட்டிப்போட்டுச் சும்மா நின்னுது.

மூணாவது வருசம் கோடாலி. அதுக்கு ஒரு முறை உண்டு. ஒருத்தர் கோடாலியை ஓங்கி, "காய்க்கியா, வெட்டட்டா"ன்னு கேக்கணும். இன்னொருத்தர் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு, மரமே பேசுதாப்புல, "வெட்டாதீய, வார வருசம் காய்க்கேன்"னு சொல்லணும். மரம் பயந்து காய்ச்சிரும்.

பேச்சியம்மை ஓங்கினா. கோமு பின்னால நின்னா. சுடலை பக்கத்துல நின்னான். அவன் எப்பவும் பக்கத்துலதான் நிப்பான். பேச மாட்டான்.

"காய்க்கியா, வெட்டட்டா?"

"வெட்டாதீய அத்தை. வார வருசம் காய்க்கேன்."

"மரம் எனக்கு அத்தைன்னா முறை சொல்லுது? சரி போட்டும். உன்னை எதை வச்சு நம்ப? ஈடு என்ன வைக்க?"

முறையில ஈடெல்லாம் கெடையாது. பேச்சியம்மையா சேத்துக்கிட்டது. கோமுவுக்குச் சிரிப்பு. அவளுக்கு அந்த மரத்து மேல பிரியம். பூக்காலத்துல அதுக்கடியில நின்னு தலையெல்லாம் மஞ்சப்பொடியா வருவா. இம்புட்டுப் பூக்குத மரம் காய்க்காமலா போயிரும்னு நெனைச்சா. யோசிக்காமச் சொல்லிட்டா. "காய்க்கலன்னா உங்க மருமக அவ அம்மை வீட்டுக்குப் போயிருவா."

ஓங்குன கோடாலி ஓங்குனபடி நிக்கி. சுடலைக்குத் தெறந்த வாய் மூடல. பேச்சியம்மை மெதுவாக் கோடாலியை இறக்கினா. "வாக்குதானே?"

கோமுவுக்குச் சிரிப்பு போச்சு. "வாக்குதான்"னா.

ம் எங்க?

"ம்."

அப்புறம் மாசி வந்துது. அந்த மரம் பூத்த மாதிரி ஒரு பூப்பை ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க. ஈயும் வண்டும் ங்ஙொய்யின்னு அதைச் சுத்துது. கோமு தண்ணி விட்டா, தூரைக் கூட்டினா. அப்புறம் ஒரு நாள் காலையில எந்திரிச்சு வந்தா. தரை பூரா பூ. மரம் மொட்டை.

அவளால நம்ப முடியல. பட்டையைத் தடவினா. வேரடியில மண்ணைத் தள்ளிப் பாத்தா. கடுகளவு பிஞ்சு இல்ல. ஆனி வந்துது, பக்கத்து மரம் செவசெவன்னு நிக்கி, இது வெறும் பட்டை.

"அத்தை, நான் வெளையாட்டுக்குத்தான சொன்னேன்."

"மரத்து முன்னால வெளையாட்டு உண்டாட்டி?"

கோமு சுடலையைப் பாத்தா. ஒரு வார்த்தை வரும்னு பாத்தா. அவன் கால் பெருவிரலைப் பாத்துக்கிட்டு நின்னான். அவ மாத்துச்சேலையைச் சுருட்டி எடுத்தா. ஆத்துல எறங்கினா. அக்கரை ஏறிப் போயிட்டா.

"அவன் ஏன் தாத்தா பேசல?"

எனக்கென்ன தெரியும். அவனைக் கேளு.

பேச்சியம்மையும் ஒரு நிமிசம் ஆடித்தான் போனா. கோமு நெசமாவே போவான்னு அவளே நெனைக்கல. ஆனா விட்டுக்கொடுப்பாளா? "வெட்டுலே அந்த மரத்தை"ன்னா. சுடலை வெட்டினான். டக்கு, டக்கு, டக்கு, மடார். செருப்பும் வாரியலும் சேந்து விழுந்துது.

அப்புறம் அடுத்த மாசி. மிச்ச மரம் பூத்துது. காய்க்குத மரம், கவலை என்ன? பேச்சியம்மை ஊறுகாப் பானையைக் கழுவிக் கவுத்தா. கவுத்துட்டுத் திரும்புதா. பொலபொல. பொலபொல. அம்புட்டும் தரையில.

"ஒண்ணு கூட நிக்கலையா?"

ஒண்ணு கூட. அவ கெழவி ஆன நாள்லேருந்து அப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. மரத்தையே பாத்துக்கிட்டு நிக்கா. கண்ணைக் கசக்கிப் பாத்தா. சுத்தி வந்து பாத்தா. செருப்பைக் கட்டினா. உலக்கையால அடிச்சா. ம்ஹும். கடைசியில கோடாலியை ஓங்கினா.

"காய்க்கியா, வெட்டட்டா?"

பதில் இல்ல. யாரு சொல்லுவா? மரத்துக்குப் பின்னால ஆளு இல்லியே.

"காய்க்கியா, வெட்டட்டா?"

காத்துதான் அடிக்கி. மூணாவது தடவை கேக்குததுக்குள்ள சுடலை போய் மரத்துக்குப் பின்னால நின்னான். குரல் வந்துது. பேசிப் பழக்கமில்லாத குரல், கரகரன்னு.

"எப்படிக் காய்க்கச் சொல்லுத? நான் பொண்மரம். நீ வெட்டினது ஆண்மரம். என் சோடியைச் சாச்சுப்போட்டு எங்கிட்டப் பழம் கேக்கியே."

பேச்சியம்மைக்குக் கோடாலி நழுவித் தரையில விழுந்துது. "மரத்துல ஏதுலே ஆணும் பொண்ணும்?"

சுடலை வெளிய வந்தான். கீழ கெடந்த பூவை எடுத்து நகத்தால கீறிக் காட்டினான். "உள்ள பாரும்மா. கடுகு மாதிரி பிஞ்சு இருக்கா? அந்த மரத்துப் பூவுல இது கெடையாது. வெறும் மஞ்சப்பொடி. கோமு தலையில ஒட்டிக்கெடக்குமே, அதுதான். ஈ அதைச் சொமந்து இங்க கொண்டாந்து தடவுனாத்தான் இது காயாகும். அது காய்க்கவே காய்க்காது. ஆனா அது இல்லாம இதுவும் காய்க்காது. வெட்டினதுக்கப்புறந்தான் எனக்கே வெளங்குச்சு."

பேச்சியம்மை அப்படியே தரையில உக்காந்துட்டா. "அவ போகையில இந்த வாயை எங்கலே வச்சிருந்த?"ன்னு கேட்டா.

சுடலை துண்டை ஒதறித் தோள்ல போட்டான். நடந்தான்.

"எங்கலே?"

"அக்கரைக்கு."

"எப்பம் வருவ?"

திரும்பிப் பாக்கல. அக்கரையில கோமு வாசல்லயே மறிச்சுட்டா. "எதுக்கு வந்தீய?"

"பேச வந்தேன்."

"ஓ. பேச வேற வருமா?"

அன்னைக்குப் பூரா பேசினான். விடியவிடிய வசவு வாங்கினான். அப்புறம் அங்கயே இருந்துட்டான், வீட்டோட மாப்பிள்ளையா. இக்கரையில பேச்சியம்மைக்கு அதுதான் பெரிய இடி. மருமகளை அனுப்பினா மகனும் சேந்து போவான்னு அவ கணக்குலயே இல்ல.

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அடுத்த மாசியில ஒரு நாள் கோமு ஆத்தைத் தாண்டி வந்தா. இடுப்புல ஒரு பெட்டி நெறைய பூச்சரம். அவ அம்மை வீட்டுப் பக்கம் நிக்குத ஆண்மரத்துப் பூ. வீட்டுக்குள்ள போகல. நேரா மரத்துக்குப் போனா. குத்தவச்சு உக்காந்து வேர்லேருந்து மேல வரைக்கும் சரத்தைப் பூ மேல பூவாத் தட்டினா. தட்டித் தட்டிக் கையெல்லாம் மஞ்சள். பேச்சியம்மை கதவுக்குப் பின்னால நின்னு பாத்தா. கூப்பிட வாய் வரல. கோமு வேலையை முடிச்சா, போயிட்டா.

ஆனி வந்துது. எப்படிக் காய்ச்சுதுன்னு கேக்க? பட்டைக்கு எடமில்ல. மண்ணுல மொகம் வச்சுத் தொங்குது பழம். ஊறுகாப் பானை ரொம்பிப் போச்சு. அணில் தின்னுது, காட்டாமை வந்து தின்னுது, இன்னும் கெடக்கு. பேச்சியம்மை ஒரு பழத்தை உரிச்சு வாயில போட்டா. எறங்கல. ஒத்தையில தின்னா எந்தப் பழம் எறங்கும்.

ஆடிச் சாரல் சளசளன்னு பிடிச்சுக்கிட்டுது. அந்த மழையில கெழவி கூடை நெறையப் பழத்தோட ஆத்துல எறங்கினா. முழங்கால் தண்ணி. விழுந்து எந்திரிச்சு, நனைஞ்ச கோழியாட்டம் கோமு வாசல்ல போய் நின்னா. கோமு துண்டை எடுத்து நீட்டினா. சுடலை வழக்கம் போலப் பக்கத்துல நின்னான்.

கெழவி கூடையை எறக்கி வச்சா. தலையைத் துவட்டினா. அடுப்புப் பக்கம் போய் உக்காந்தா. ராத்திரி கஞ்சி குடிச்சா. காலையில கோமு கேட்டா, "எப்பம் அத்தை போறீய?"

"மழை விடட்டும்."

பழம் தீந்துது. ஆடி போச்சு, ஆவணி போச்சு. வாசல் முத்தத்துல சுள்ளுன்னு வெயில் அடிக்கி. கோமு வெயிலைக் காட்டிக் கேட்டா. பேச்சியம்மை வெளிய ஒரு கையை நீட்டிப் பாத்துட்டு, "தூத்தல் இருக்கு"ன்னா.

இன்னும் இருக்காம் அந்தத் தூத்தல். போதும், வெளக்கை அணைக்கேன். கண்ணை மூடு.