தீவனத் தொட்டிக்குக் காவல்

முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவருக்கு மனிதர்களில் இரண்டே ரகம்தான். டிக்கெட் எடுத்தவர், எடுக்காதவர். இன்னாசிமுத்து ஓய்வு பெற்று, மனைவியையும் அடக்கம் செய்த பிறகு, திண்டுக்கல்லுக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு தியான இல்லத்துக்கு வந்து சேர்ந்தார்.

“ஜெபிக்கக் கத்துக்கணும்” என்றார்.

இல்லத்தின் தலைவி மதர் செலஸ்தீன் அவரைவிட வெகு இளையவர். “இருங்க ஐயா” என்றார். சேர்க்கை அவ்வளவில் முடிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் பிறந்தது. முதல் ஞாயிறு வாசகத்தை வாசிக்க இன்னாசியைத்தான் நிறுத்தினார்கள். திருடன் எந்த நேரத்தில் வருவான் என்று தெரிந்திருந்தால் வீட்டுக்காரன் விழித்திருப்பான் என்ற இடம் வந்ததும் அவர் குரல் தானாக உயர்ந்தது. ஆண்டவரும் அப்படித்தான் நினையாத நேரத்தில் வருவார் என்ற அடுத்த வரியை வேகமாக வாசித்து முடித்தார். வேதத்தில் இவ்வளவு நடைமுறை ஞானம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அன்றே சிற்றாலயத்தின் முன்கூடத்தில் மரத்தாலான தீவனத் தொட்டி ஒன்றை வைத்தார்கள். பக்கத்தில் ஒரு வைக்கோல் கட்டு. யாருக்கும் தெரியாமல் ஒரு நன்மை செய்தவர், கட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தொட்டியில் போடலாம். கிறிஸ்துமஸ் இரவில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை அதன்மேல் கிடத்துவார்கள். என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் வழக்கம்.

இன்னாசிக்கு அது பொறுக்கவில்லை.

“யாருக்கும் தெரியாத நன்மையை எப்படி மதர் நம்புறது? சும்மா வந்து போட்டுட்டுப் போனா?”

“போடட்டுமே.”

“பொய் வைக்கோல் மேல ஆண்டவரைக் கிடத்துறதா?”

“நீங்க வேணா பக்கத்துல இருந்து பாருங்க” என்றார் மதர்.

இன்னாசி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜெபமாலை கையில் இருந்தது. கண் தொட்டியில் இருந்தது. சாயங்காலம் ஊர்ப் பெண்கள் வந்தால் கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

“என்னம்மா செஞ்சே?”

“மாமியாருக்கு வெந்நி வச்சுக் குடுத்தேன்.”

“அது கடமை. நன்மையில சேராது.”

“எங்க மாமியாரைப் பார்த்திருந்தா இப்படிச் சொல்ல மாட்டீங்க” என்று அவள் இரண்டு பிடியாகப் போட்டுவிட்டுப் போனாள்.

இன்னொருத்தி வாசலிலேயே கையைத் தூக்கிக் காட்டினாள். “டிடிஆர் ஐயா, நான் இன்னைக்கு வித்தவுட்டு. சாமி மட்டும் கும்பிட்டுக்கிறேன்.”

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஏனென்றால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் நிறைந்திருந்த தொட்டி விடிந்தால் காலியாகக் கிடந்தது.

“பூட்டுப் போடணும் மதர்.”

“பூட்டு வேண்டாம் ஐயா.”

பூட்டைத்தானே வேண்டாம் என்றார். தாழ்ப்பாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. அன்றிலிருந்து இருட்டியதும் இன்னாசி முன்கூடத்துக் கதவை உள்ளிருந்து தாழிட்டு, பூசையறை வழியாகத் தம் அறைக்குப் போனார்.

காலையில் தாழ் போட்டபடி இருந்தது. தொட்டி காலி.

அப்படியானால் பூசையறைப் பக்கமாக வந்துபோகிற, இல்லத்து ஆள்தான். உள்ளே இருப்பவர்களில் யார் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தோட்ட வேலை செய்யும் லாசர் திருட்டு வழக்கில் சிறைக்குப் போய் வந்தவன். வீட்டில் சேர்த்துக்கொள்ளாததால் தோட்டத்துக் கொட்டகையில் தங்கிக்கொள்ள மதர் இடம் கொடுத்திருந்தார். மழைக்காலத்தில் காய்ந்த வைக்கோலுக்கு நல்ல விலை.

இன்னாசி நேரே கொட்டகைக்குப் போனார்.

“வைக்கோல் எங்கடா போகுது?”

லாசர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டான்.

“ஆக, உனக்குத் தெரியும்.”

“தெரியும் ஐயா.”

“யார் எடுக்கிறா?”

லாசர் மறுபடியும் மண்வெட்டியைக் கழுவத் தொடங்கினான்.

“ஞாயித்துக்கிழமை காலையில நீயே மூட்டை கட்டிக் கிளம்பிடு. இல்லேன்னா போலீஸ்ல சொல்லுவேன். பழைய கேஸ்காரன்னா அவங்க என்ன செய்வாங்கன்னு உனக்கே தெரியும்.”

“எங்கய்யா போவேன், இந்த மழையில?”

“வந்த வழியில.”

லாசர் தலையாட்டினான். கெஞ்சவில்லை. குற்றமில்லாதவன் கெஞ்சியிருப்பான் என்று இன்னாசி மனதில் குறித்துக்கொண்டார்.

ஆனாலும் கையும் களவுமாகப் பிடித்தால்தான் மதர் ஒப்புக்கொள்வார். ஞாயிறு விடியலில், குருவானவர் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டுக்குள் இன்னாசி ஏறி உட்கார்ந்து, சல்லடைத் துளை வழியாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

பூசையறைக் கதவு மெல்லத் திறந்தது. வெறுங்கால். ஒரு பழைய கூடை. வந்த ஆள் குனிந்து தொட்டியிலிருந்ததை வாரிக் கூடையில் அமுக்கினார்.

இன்னாசி கூண்டிலிருந்து பாய்ந்து வெளியே வந்தார். “பிடிச்சுட்டேன்!”

மதர் செலஸ்தீன் திரும்பினார்.

மதர்தான் பேசினார்.

“பக்கத்து வயல் பேச்சியம்மாளோட வைக்கோல் போர் மழையில மக்கிப்போச்சு. பசு இப்பத்தான் கன்னு போட்டிருக்கு. வாய்க்கால் தகராறுல இருந்து அவங்க நம்மகிட்டப் பேசறதில்லை. குடுத்தா வாங்க மாட்டாங்க. அதான், அவங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி தொழுவத்துல போட்டுட்டு வந்துடறேன்.”

“அதுக்கு அந்தக் கட்டு இருக்கே மதர்! முழுசா இருக்கே! அதுல இருந்து எடுக்கலாமே. இது ஊர் செஞ்ச நன்மையெல்லாம்...”

“கட்டுல இருக்கிறது வெறும் வைக்கோல், ஐயா. இதுதான் குடுத்தது.”

“அப்ப குழந்தை இயேசுவை எதுமேல கிடத்துறது? வெறும் பலகையிலயா?”

“தீவனத் தொட்டிதானே ஐயா இது. மாடு தின்னு மிச்சம் வச்சது ஏதாவது இருக்கும்.”

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் மழையில் இறங்கிப் போனார்.

இன்னாசி காலித் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். சட்டென்று இன்றைக்கு என்ன கிழமை என்று நினைவு வந்தது. செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார்.

கொட்டகை பெருக்கி வைத்திருந்தது. பாயும் மண்வெட்டியும் சுவரோரம் ஒழுங்காக இருந்தன. லாசர் வெளிக்கேட்டருகே, தலையில் ஒரு யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் துணிப்பையோடு நின்றிருந்தான். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்ற மாதிரி இருந்தது.

“லாசரு, நில்லுப்பா!”

நின்றான்.

“மதர்தான் எடுக்கிறாங்கன்னு உனக்குத் தெரியும். இல்லையா?”

“தினமும் கொட்டகையைத் தாண்டித்தானே போறாங்க.”

“அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான் உன்னைத் தெருவுல விட இருந்தேனே! ஏன்டா வாயை மூடிக்கிட்டு இருந்தே?”

லாசர் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தான். “இதை யார்கிட்டயும் சொல்லாம இருக்கிறதுக்குன்னு நானும் ஒரு பிடி போட்டிருந்தேன், ஐயா. சொல்லிட்டா அது செல்லாதே.”

மழை சற்று வலுத்தது. இன்னாசி கையை நீட்டி அந்தப் பையை வாங்கிக்கொண்டார். லாசர் தயங்கியபடி விட்டுக்கொடுத்தான். இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் இருக்கும், அதிகக் கனமில்லை.

“உள்ள போ” என்றார். பிறகு, “போப்பா” என்றார்.

மதர் காலிக் கூடையோடு திரும்பி வந்தபோது, இன்னாசி முன்கூடத்துப் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யார் பை ஐயா இது?”

இன்னாசி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். போலீஸ் என்று மிரட்டியதையும் சொன்னார். மதரின் முகம் சுண்டிவிட்டது. புடவை நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இனிமே நான் காவலுக்கு இருக்கலை மதர். என் கண்ணு சரியில்லை. எதைப் பார்த்தாலும் திருடன்தான் தெரியுது.”

“முதல் ஞாயிறு வாசகம் நீங்கதானே வாசிச்சீங்க?”

“ஆமா.”

“அதுல திருடன் மாதிரி வரப்போறது யாரு, ஐயா?”

இன்னாசி பையை மடியிலிருந்து இறக்கிப் படியில் வைத்தார்.

மதர் கூடையைச் சுவரில் மாட்டிவிட்டு, முன்கூடத்துக் கதவருகே போய் நின்றார்.

“நாளைக்கும் காவல் இருங்க. உங்களை மாதிரி விழிச்சிருக்க இங்க ஆள் இல்லை. இந்தத் தாழ்ப்பாளை மட்டும் எடுத்து வைங்க.”