இரு தாயரும் ஒரு சிதையும்

கேளுங்கள், பிள்ளைகளே, பெரியவர்களே! மலையோரம் ஈட்டிக்கோட்டை என்றொரு கோட்டை இருந்த காலம் அது. அதை ஆண்ட தலைவனுக்கு இரண்டு மனைவியர். மூத்தவள் ஏகவீரி, இளையவள் பரவை. பரவை பெற்ற ஆண்குழந்தை இன்னும் பால்குடி மறக்கவில்லை.

ஒருநாள் போர்க்களத்திலிருந்து தலைவனின் உடல் வந்தது. கோட்டை வாசலில் சிதை அடுக்கினார்கள்.

அந்த ஊர் வழக்கம் கொடியது. கணவன் மாண்டால் மனைவியும் தீப்பாய வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் விலக்கு. தாயை எரித்தால் ஊர் அழியும் என்று அஞ்சினார்கள்.

தலைவனின் தம்பி மழவரையனுக்கு அண்ணன் இருக்கையின் மேல் கண். கோட்டைச் சாவியோ ஏகவீரியின் இடுப்பில் இருந்தது. அவள் ஒழிந்தால் சாவி தன் கைக்கு வரும் என்று கணக்கிட்டான். அவன் சபையில் எழுந்து, "பெற்றவள் இருக்கட்டும். மற்றவள் தீப்பாயட்டும்" என்றான்.

"பெற்றவள் யார்?" என்று கேட்டார்கள் ஊர்ப்பெரியவர்கள்.

இளையவள்தான் என்று சொல்ல மழவரையனிடம் சான்று இல்லை. அந்தப்புரத்துப் படியைத் தலைவனைத் தவிர எந்த ஆணும் மிதித்ததில்லை. பிள்ளை பிறந்த அன்று, "தலைவருக்கு மகன்!" என்றுதான் முரசு அறைந்தார்கள். தாயின் பெயரை யாரும் கேட்கவில்லை.

சபை ஓரத்தில் அக்காளோடு நின்ற பரவை குழந்தையை ஏகவீரியின் கையில் வைத்தாள். "அக்காதான் பெற்றாள்" என்றாள்.

ஏகவீரி உடனே, "பொய்யையா! தங்கச்சிதான் பெற்றாள். நான் போகிறேன்" என்று குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள்.

மழவரையன் பல்லைக் கடித்தான். "மருத்துவச்சியைக் கூப்பிடுங்கள்!"

மருத்துவச்சி சாத்தி வந்தாள். பொய் சொன்னால் நாக்கை அறுப்பார்கள். மெய் சொன்னால் ஒருத்தி தீயில் வேவாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை பசித்து வீறிட்டது. பரவையின் மார்பில் பால் கசிந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். சாத்தி மட்டும் அதைக் கண்டாள்.

"ஐயா, பிள்ளை பிறந்த அன்றைக்கு இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு கதறினார்கள். நான் பிள்ளையைப் பார்த்தேனே தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நாக்கை அறுத்தாலும் இதுதான் என் சொல்" என்றாள்.

மூத்த பெரியவர் கேட்டார்: "தவறித் தாயை எரித்துவிட்டால் அந்தப் பழியை நீ சுமப்பாயா, மழவரையா?"

மழவரையன் பின்வாங்கினான். தாய் யாரென்று தெரியாததால் ஊரார் இருவரையும் விட்டுவிட்டார்கள். சிதையில் தலைவனின் உடல் மட்டும் எரிந்தது.

உள்ளே போய்க் கதவைத் தாழிட்ட பிறகுதான் பரவை பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். ஏகவீரி கதவில் சாய்ந்து காவல் நின்றாள். வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பரவை பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஒருத்தி உயிரை மற்றொருத்தி தன் உயிராகக் காத்து நின்றால், எவ்வளவு கொடிய வழக்கமும் தோற்றுப்போகும்.