மாமன் கொண்டுவந்த நாலு வீல்

கணக்குத் தெரிந்தவர்களும் சொந்தபந்தம் உள்ளவர்களும் சேர்ந்து அவிழ்க்க வேண்டிய முடிச்சு இது. கவனமாகக் கேளுங்கள்.

திண்டுக்கல்லில் பூங்கோதை என்பவளிடம் ஒரு மின்சாரக் கார் இருந்தது. ஆள் ஏறாமலே ஆயிரத்து அறுநூறு கிலோ. பேட்டரியின் கனம் அப்படி. அந்தக் கனத்துக்கு இரண்டே வருடத்தில் டயர் நான்கும் வழுக்கையாகிவிட்டன. மறுநாள் சிறுமலைக் கோயிலில் மகளுக்குக் காதுகுத்து. வழுக்கை டயரோடு மலை வளைவில் போக முடியுமா? புது டயர் மாட்ட ஸ்டெல்லாவின் கடையில் காரை நிறுத்தியிருந்தாள்.

திடீரென்று மேளச்சத்தம். மூன்று வருடம் பேசாமலிருந்து, போன மாதம்தான் சமாதானமான அண்ணன் தவசி, தாய்மாமன் சீரை டயர்க்கடைக்கே கொண்டுவந்துவிட்டார்! தாம்பாளத்தில் வெற்றிலை, தேங்காய். பின்னால் நான்கு பேர் தோளில், மாலை போட்ட நான்கு அலாய் வீல், புது டயரோடு. தன் சின்னப் பெட்ரோல் காரின் வீலை அளவுக்குக் கொண்டுபோய், தங்கை காருக்கும் நட்டு ஓட்டை அதேதான் என்று விசாரித்து வாங்கியவை.

பூரித்துப்போன பூங்கோதை அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாள்: "அண்ணே, நாளைக்கு உன் மருமக நீ போட்ட வீல்லதான் மலையேறுவா!"

ஸ்டெல்லா ஒரு வீலைப் புரட்டிப் பார்த்தாள். பின்புறம் 450 என்று பொறித்திருந்தது. ஒரு வீல் தாங்குகிற கிலோ அது. நான்குக்கும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. குடும்பமும் பொங்கல் பாத்திரங்களும் ஏறினால் கார் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும்.

"இத நான் மாட்ட மாட்டேண்ணே. மலையில கனம் தாங்காம வீல் விரிசல் விட்டுரும்."

தவசிக்கு முகம் சிவந்தது. "ஒன் சரக்க விக்கத்தானம்மா இந்தப் பேச்சு?"

"டயரக்கூட வேற கடையில வாங்கிக்கங்க. பிள்ளைய மட்டும் இதுல ஏத்தாதீங்க."

மேளம் நின்றுவிட்டது. இன்னொரு முறை கோபித்துக்கொண்டு போனால் அண்ணன் திரும்பி வருவாரா என்று பூங்கோதைக்குத் தெரியாது. இருந்தும் சொன்னாள்: "தெரியாம வாக்குக் குடுத்துட்டேண்ணே. இந்தக்கா சொல்றதுதான் சரி."

தவசி போய், தெருவில் நின்ற தன் சின்னக் காரைக் கடைக்குள் கொண்டுவந்து விட்டார்.

"இந்த வண்டிய அந்த வீலு தாங்கும்லம்மா?"

"தாராளமா தாங்கும்ணே."

"அப்ப இதுல மாட்டு. என் மருமக என்கூட வரட்டும். இதுவும் மாமன் போட்ட வீலுதானே?"

மேளக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். பூங்கோதை அழுதேவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது பெரிது?

விடை: தவசியின் பெருந்தன்மைக்கு ஒரு கும்பிடு. பூங்கோதையின் துணிச்சலுக்கு இன்னொன்று. ஆனாலும் நான் ஸ்டெல்லா கட்சி. பூங்கோதை பேசியது பெற்ற பிள்ளைக்காக. தவசி இறங்கிவந்தது கூடப்பிறந்தவளுக்காக. ஸ்டெல்லாவுக்கு அந்தப் பிள்ளை என்ன உறவு? கெட்ட பேர் வந்தாலும் சரி, வியாபாரம் போனாலும் சரி என்று நின்றாளே! தவசிக்கும் அது புரிந்திருக்க வேண்டும். தங்கை காருக்குக் கனம் தாங்கும் டயர் நான்கையும் ஸ்டெல்லாவையே எடுத்துக் கொடுக்கச் சொல்லி, மாலை போட்டு, சீரில் சேர்த்துவிட்டார்.