விழுங்காத செல்கள்

“மூணாவது தடவையும் விழுங்கலை மேடம்” என்றார் ஆவுடையப்பன்.

நுண்ணோக்கியின் கீழ் இருந்தவை, மீன் வளர்க்கும் பாக்கியத்தின் குளத்து விரால் மீன்களுடைய செல்கள். கிருமி வந்தால் பிடித்து விழுங்குவது அவற்றின் வேலை. மீனிலிருந்து பிரித்து, தட்டில் இரண்டு நாள் வளர்த்து, கிருமிக்குப் பதிலாக ஈஸ்ட் போட்டிருந்தார். செல்கள் ஈஸ்ட்டின் பக்கத்திலேயே சும்மா கிடந்தன.

அடுத்த குளத்தில் மீன்கள் செத்து மிதந்த வாரம் அது. இந்தக் குளத்திலும் நோய் என்று அவர் எழுதிக் கொடுத்தால், மாலைக்குள் பாக்கியம் குளத்தில் பிளீச்சிங் பவுடர் கொட்டிவிடுவாள். எட்டாயிரம் விராலும் செத்துப்போகும். அவள் பவுடர் மூட்டையோடு ஆய்வக வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆவுடையப்பன் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் மனித ரத்தம் பார்த்தவர். ஓய்வு பெற்றபின் மீனைக் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்த ஜெனிட்டாவுக்கு அவர் மகளின் வயது.

“மீனை எப்படிப் பிடிச்சீங்க அண்ணாச்சி?” என்றாள் ஜெனிட்டா.

“அதை ஏன் கேக்கீங்க! ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் வலையோட துரத்தினோம். விரால்லா! சேத்துக்குள்ள போய் ஒளிஞ்சிக்கிடுது. விட்டேனா நான்?”

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“ஐயோ, மாடித் தொட்டி வழியுது அண்ணாச்சி! ஓடுங்க!”

மூன்று மாடி ஏறி ஓடினார். தொட்டி பாதிகூட நிரம்பவில்லை.

“மேல இல்ல, கீழ வால்வு! சீக்கிரம்!” என்று சன்னலிலிருந்து கத்தினாள்.

இறங்கி ஓடினார். வால்வு மூடியே இருந்தது.

வேர்த்து, மூச்சிரைத்து வந்து நின்றவரின் வாய்க்கு நேரே, அவருடைய டிபன் டப்பாவிலிருந்து ஓர் இட்லியை எடுத்து நீட்டினாள்.

“விழுங்குங்க.”

“என்ன விளையாட்டு இது? மூச்சே விட முடியலை. இட்லி எங்க இறங்கும்?”

அவள் அறிக்கைத் தாளை இழுத்து, விரால்களின் முடிவுக்குக் கீழே ஒரு வரி எழுதினாள்.

‘ஆவுடையப்பன். விழுங்கவில்லை.’

பேனாவை அவரிடம் கொடுத்தாள்.

“என்ன நோய்னு நீங்களே எழுதிருங்க.”

அவர் பேனாவை வாங்கினார். மூச்சு அடங்க வெகுநேரமாயிற்று.

பிறகு எதுவும் எழுதாமல் பேனாவை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

“பவுடரைக் கொட்டிராத தாயி. நாளைக்கு வாரேன். வலையும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். நீ இரை போடும்போது கரையில சும்மா உக்காந்திருக்கேன்.”

பாக்கியம் எழுந்தாள்.

“அப்போ என் மீனுக்குச் சீக்கு இல்லையா ஐயா?”

“தெரியலை தாயி. உன் மீனை நான் இன்னும் பார்க்கவே இல்லை.”